ஒரே ஒரு கணம் அசைந்த படம்

விஞ்ஞானக் கற்பனைப் படம் என்று கேட்ட மாத்திரத்தே நம் மனக்கண்முன் எழுவன எவை? விண்ணைக் கிழித்துச் செல்லும் கலங்கள். கோள்களுக்கிடையே நிகழும் போர்கள். கண்சிமிட்டும் விளக்குகள் நிறைந்த யந்திரங்கள். இவற்றையெல்லாம் ஆக்குதற்கெனக் கோடி கோடியாகக் கொட்டப்படும் பணம். ஆகவே, எம் இளைஞருள் ஒருவன் இத்தகைய கதையொன்றைக் குறும்படமாக்க விரும்பினால், அவ்விருப்பம் பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடு முடிந்து விடுகின்றது. "கருவி இல்லை, காசு இல்லை" என்று அவன் சொல்லுகின்றான். அதைக் கேட்கும் பெரியவர்கள், "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்ற பழமொழியைச் சொல்லி அவனை அனுப்பி விடுகின்றார்கள். அவனுடைய பெருமூச்சும் பயன் தருவதில்லை. பெரியவர்களுடைய பழமொழியும் பயன் தருவதில்லை. புல் எப்பொழுது ஆயுதமாகும், எப்பொழுது அது வெறும் புல்லாகவே கிடக்கும் என்பதை எவரேனும் எடுத்துக் காட்டினாலன்றோ அவனுக்கு உதவி?

அதனை எடுத்துக் காட்டக்கூடிய படம் ஒன்று உண்டு. கிறிஸ் மார்க்கர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1962ஆம் ஆண்டிலே ஆக்கிய "லா ஜெத்தே" என்னும் குறும்படமே அது. ஜெத்தே என்பது துறைமுகங்களிலே கடலுக்குள் நீண்டு செல்லும் அணைமேடைக்குரிய பிரெஞ்சுச் சொல். இப்படத்திலோ, பாரிஸ் நகரத்து ஒர்லி விமான நிலையத்திலே, விமானங்கள் வந்து போவதை மக்கள் நின்று பார்க்கும் நீண்ட மேற்றளத்தை அது குறிக்கின்றது. படம் ஓடும் நேரம் 28 நிமிடங்கள் மாத்திரமே. கறுப்பு வெள்ளைப் படம். உரையாடல் ஏறத்தாழ இல்லை எனலாம். எல்லாவற்றிலும் பெரிய புதுமை யாதெனின், இது அசையாத புகைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஆக்கிய படம் என்பதே.

மார்க்கர் 1921ஆம் ஆண்டிலே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியரை எதிர்த்த மறைமுக இயக்கத்திலே பங்கு கொண்டவர். போருக்குப் பின் எழுத்தாளராகவும், பிற நாடுகளைப் பற்றிய நூல்வரிசை ஒன்றின் பதிப்பாசிரியராகவும், புகைப்படக் கலைஞராகவும் விளங்கினார். 1953ஆம் ஆண்டிலே அலென் ரெனே என்னும் நெறியாளரோடு கூடி, ஆபிரிக்கக் கலையைப் பற்றி "சிலைகளும் இறக்கின்றன" என்ற படத்தை எடுத்தார். அது குடியேற்ற ஆட்சியைச் சாடிற்று என்பதனாற் பிரெஞ்சுத் தணிக்கையாளர் அதைப் பல்லாண்டுகள் முடக்கி வைத்தனர். நாஸி வதைமுகாம்களைப் பற்றி ரெனே பின்னர் எடுத்த "இரவும் பனியும்" என்ற படத்திலும் மார்க்கர் துணை நின்றார். தம்மைப் பற்றிப் பேசுவதை விரும்பாத மனிதர் அவர். புகைப்படம் கேட்டவர்களுக்குத் தம் படத்தைக் கொடாது, பூனையின் படம் ஒன்றைக் கொடுப்பாராம்.

"லா ஜெத்தே" பிறந்த சூழலை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். 1954ஆம் ஆண்டு தொடங்கிய அல்ஜீரியப் போர், 1962ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே போர்நிறுத்த உடன்பாட்டோடு ஓய்ந்தது. அதற்கு முன்னே இந்தோசீனப் போர். அதற்கும் முன்னே உலகப் போர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஏதோ ஒரு போரிலே அகப்பட்டிருந்த பிரெஞ்சு மக்கள், அந்த மே மாதத்திலேதான் சமாதானம் என்பது எவ்வாறிருக்கும் என்று பார்த்தார்கள். மார்க்கர், பியேர் லோம் என்னும் ஒளிப்பதிவாளரோடு பாரிஸ் வீதிகளில் இறங்கினார். கையிலே தூக்கிச் செல்லத்தக்க புதிய கமராவும் குரலை உடனுக்குடன் பதிவு செய்யும் கருவியும் கொண்டு, தெருவிற் கண்டவர்களிடம் அவர்களுடைய வாழ்வைப் பற்றியும் மகிழ்ச்சியைப் பற்றியும் வினவி ஒரு பெரிய படத்தை எடுத்தார். அதன் பெயர் "அழகிய மே மாதம்".

அப்படப்பிடிப்புக் குழுவினர்க்கு ஓய்வு நாள்கள் உண்டு. அந்த ஓய்வு நாள்களிலே மார்க்கர் ஓய்ந்திருந்தாரல்லர். சினிமாக் கமராவை விட்டுவிட்டு, சாதாரணப் பென்ராக்ஸ் புகைப்படக் கமரா ஒன்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மூன்றாம் உலகப் போரினால் அழிந்து போன பாரிஸ் நகரத்தைப் பற்றிய கதையொன்றைப் புகைப்படங்களாகப் பிடிக்கலானார். பகலெல்லாம் சமாதானத்தைப் பற்றி மக்களோடு பேசிய ஒருவர், ஓய்வு கிடைத்தபோது அச்சமாதானம் கைதவறிப் போனால் என்னவாகும் என்று கற்பனை செய்தார் என்பது சிந்திக்கத்தக்கது. தாம் படம்பிடித்துக் கொண்டிருந்த கதை அப்பொழுது தமக்கே முழுதும் விளங்கவில்லை என்றும், படத்தொகுப்பு மேசையிலேதான் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின என்றும் அவரே பிற்காலத்திற் கூறியிருக்கின்றார்.

கதை இதுதான். சிறுவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே பெற்றோருடன் ஒர்லி மேற்றளத்துக்கு விமானம் பார்க்கச் செல்லுகின்றான். அங்கே ஒரு பெண்ணின் முகத்தைக் காண்கின்றான். திடீரென ஓர் ஆரவாரம். ஒரு மனிதன் விழுகின்றான். தான் கண்டது ஒரு மனிதனின் மரணம் என்பது பின்னரே சிறுவனுக்குத் தெரிகின்றது. சில காலத்தில் போர் மூளுகின்றது. பாரிஸ் சாம்பலாகின்றது. எஞ்சியவர்கள் நிலத்தின் மேல் வாழ முடியாமற் சுரங்க அறைகளிலே ஒடுங்குகின்றார்கள். அங்கே வென்றவர்கள் காவலர், தோற்றவர்கள் கைதிகள். உணவும் மருந்தும் சக்தியும் தேடி மனிதரைக் காலத்தினூடே அனுப்ப வென்றவர்கள் முயலுகின்றார்கள். அனுப்பப்பட்டவர்களுட் பலர் மாண்டனர். சிலருக்குப் பித்துப் பிடித்தது. ஒரு மனிதன் மட்டும் தாங்குகின்றான். ஏனெனில் இளமையிற் கண்ட ஒரு முகத்தின் நினைவை அவன் இறுகப் பற்றியிருந்தான். அந்த நினைவின் வழியே அவன் இறந்த காலத்துக்குச் செல்லுகின்றான், அப்பெண்ணைக் காண்கின்றான், பூங்காவிலும் அருங்காட்சியகத்திலும் அவளோடு உலாவுகின்றான். பின்னர் எதிர்காலத்துக்கும் சென்று, உலகை மீட்கும் சக்தியைப் பெற்று வருகின்றான். வேலை முடிந்ததும் அவனைக் கொன்றுவிட எண்ணுகின்றார்கள். எதிர்காலத்து மக்கள் அவனைத் தம்மிடம் அழைக்கின்றார்கள். அவனோ, தன் இளமைக் காலத்து அந்த மேற்றளத்துக்கே தன்னை அனுப்புமாறு வேண்டுகின்றான். அங்கே அப்பெண்ணை நோக்கி ஓடுகின்றபோது, முகாமிலிருந்து தன்னைத் தொடர்ந்து வந்த கொலையாளியைக் காண்கின்றான். சிறுவனாயிருந்தபோது தான் கண்ட மரணம் தன்னுடையதே என்பதை அக்கணத்தில் உணர்கின்றான்.

மகாபாரதத்திலே பரீட்சித்து மன்னன், நச்சரவு தீண்டி மாள்வான் என்ற சாபத்துக்கஞ்சிக் காவல் மிகுந்த மாளிகையிலே இருந்தும், பழத்துக்குட் புழுவாக வந்த தக்ஷகனாலே மாண்ட வரலாற்றை நாம் அறிவோம். அவன் மரணத்தினின்றும் ஒதுங்கியிருந்தான். மரணம் அவனைத் தேடி வந்தது. இப்படத்து மனிதனோ, தான் நேசித்த ஒன்றைத் தேடிச் சென்றே தன் மரணத்தை அடைகின்றான். யந்திரக் கதைபோலத் தொடங்கிய படம் இறுதியில் நம் நெஞ்சை உலுக்குவது இதனாலேயே.

இனி, இக்கதையை அவர் எவ்வாறு படமாக்கினார் என்று பார்ப்போம். காலத்திற் பயணஞ் செய்யும் யந்திரம் எங்கே? அப்படி ஒன்று இல்லை. ஒரு தூங்குமஞ்சம், ஓர் ஊசிமருந்து, கண்களை மூடிய பட்டை, அவ்வளவுதான். அழிந்த நகரத்தைக் காட்டுதற்குப் போரிற் சிதைந்த நகரங்களின் படங்கள் பயன்பட்டன. எதிர்காலத்து மனிதரைக் காட்டுதற்குக் கரிய இருளும், நெற்றியிலே சிறு அடையாளமிட்ட சில முகங்களும் போதியனவாயின. ஒர்லி விமான நிலையத்தின் தென்முனையம் 1961ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. ஆகவே அக்காலத்துப் பாரிஸ்வாசிகள் ஓய்வு நாளிலே பார்க்கச் செல்லும் புதுமையாக அது இருந்தது. பாடஞ்செய்யப்பட்ட விலங்குகள் நிற்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் மக்கள் நாளும் காணும் இடமே. காலம் தீண்டாத அவ்விலங்குகளினிடையே, காலத்தைக் கடந்து வந்த மனிதனும் அவனுடைய தோழியும் உலாவும் காட்சியைப் பார்க்கும்போது, அவ்விடத்தை இக்கதைக்காகவே கட்டினார்களோ என்று எண்ணத் தோன்றும்.

நடிகர் குழுவும் சிறிது. எலேன் ஷாத்தலேன் பெண்ணாகவும், டாவோஸ் ஹானிச் கைதியாகவும் தோன்றினர். கைதிகள்மீது பரிசோதனை நடத்தும் தலைவனாகத் தோன்றிய ழாக் லெது நடிகரே அல்லர். பெல்ஜியத்தின் திரைப்படக் காப்பகத்திற்குப் பொறுப்பாயிருந்தவர்.

அசையாப் படங்களைத் திரைப்படமாக்கும் முறை எளிதுபோலத் தோன்றும். திரைப்படச் சுருளிலே ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. 28 நிமிடங்களுக்கு நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் வேண்டும். புகைப்படம் ஒன்றைக் கமராவின் முன் நிலையாக வைத்து, அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பல சட்டங்களிற் பதிவு செய்தால், அது திரையிலே சில வினாடிகள் நிற்கும். எந்தப் படம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அடுத்தது சட்டென்று வெட்டி வரவேண்டுமா, அல்லது முன்னையதிற் கரைந்து வரவேண்டுமா என்பவற்றிலேதான் கலை அடங்கியிருக்கின்றது. முகாமின் காட்சிகள் கடுமையாக மாறுகின்றன. பெண்ணோடு இருக்கும் காட்சிகளோ ஒன்றினுள் ஒன்று மெல்லக் கரைகின்றன. அத்துன்பமும் இன்பமும் நடிப்பினால் மட்டும் வந்தவையல்ல. படங்கள் மாறும் கதியினாலும் வந்தவை.

ஒலியின் துணையையும் மறத்தலாகாது. ழான் நெக்ரோனி என்பவர் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு, கதையைத் தெளிவாகச் சொல்லிச் செல்லுகின்றார். பரிசோதனை அறையிலே ஜெர்மன் மொழியில் முணுமுணுக்கும் குரல்கள் கேட்கின்றன. அடுத்து இதயத் துடிப்பின் ஓசை. வதைமுகாம்களைப் பற்றிய படத்திலே பணிபுரிந்த ஒருவருக்கு அம்முணுமுணுப்பு வெறும் கற்பனையாயிராது. முகம் அசையாதிருக்கும்போது செவி கூர்மையாகின்றது என்பதை மார்க்கர் நன்கு அறிந்திருந்தார்.

இப்பொழுது அந்த ஒரு கணத்துக்கு வருவோம். பெண் உறங்குகின்றாள். அவளுடைய முகத்தின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்து வருகின்றன. தலை சிறிது இப்புறம், சிறிது அப்புறம். பறவைகளின் ஒலி மிகுந்து கொண்டே போகின்றது. அப்பொழுது, எவரும் எதிர்பாராத வேளையிலே, அவள் கண் திறக்கின்றாள். இமைக்கின்றாள். நம்மை நோக்குகின்றாள். சில வினாடிகளே. உடனே பரிசோதனைத் தலைவனின் முகம் வந்து அதை அறுத்து விடுகின்றது. படம் முழுவதிலும் அசைவு அங்கே மட்டுந்தான் உண்டு. அச்சில வினாடிகளுக்காக மாத்திரம் மார்க்கர் ஓர் அரிபிளெக்ஸ் சினிமாக் கமராவைச் சிறிது நேரத்துக்கு இரவலாகப் பெற்றார். எத்தனையோ திரைப்படங்களிலே எத்தனையோ பெண்கள் கண் திறப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவை நினைவில் நிற்பதில்லை. இதுவோ மறக்க முடிவதில்லை. அசைவு என்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை, அசைவின்மையிலே நெடுநேரம் இருந்த பின்பே நாம் அறிகின்றோம்.

எனவே, நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை காணலாம். வசதியின்மை தானாகவே கலையாகி விடுவதில்லை. வேறொரு கதைக்கு, குதிரைப் பந்தயம் பற்றிய கதை ஒன்றுக்கு என்று வைத்துக் கொள்வோம், அசையாப் படங்களைப் பயன்படுத்தியிருந்தால் அது ஏழ்மையாகவே தோன்றியிருக்கும். மார்க்கர் சொல்ல எடுத்துக்கொண்டதோ, நினைவைப் பற்றிய கதை. நினைவு எவ்வாறு நம்மிடம் தங்குகின்றது? இறந்துபோன தாயை நினைக்கும்போது, அவர் நடந்து வந்து பேசி அமர்வது ஒரு தொடராக வருவதில்லை. வாசற்படியில் நின்ற தோற்றம் ஒன்று, அடுப்பங்கரையிற் குனிந்த தோற்றம் ஒன்று என்று தனித்தனிப் படங்களாகவே வருகின்றன. நினைவினால் வாழும் மனிதன் ஒருவனின் கதைக்குப் புகைப்படமே இயல்பான உருவம். கையிலிருந்த கருவியின் குறையும் கதையின் உயிரும் ஓரிடத்திற் சந்தித்தன. அவ்விடத்திலேதான் புல் ஆயுதமாயிற்று.

இத்தீவிலே வாழும் எமக்கு இதனை விளக்கப் பல சொற்கள் வேண்டியதில்லை. இடம்பெயர்ந்த காலத்திலே, வீட்டையும் பண்டபாத்திரங்களையும் விட்டுவிட்டு, ஒரேயொரு புகைப்படத்தை மட்டும் துணியிற் சுற்றி எடுத்துச் சென்ற குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அதனையும் இழந்து, இறந்தவரின் முகத்தை நெஞ்சிலே மாத்திரம் வைத்திருப்போரும் உள்ளனர். போருக்கு முந்திய ஒரு முகத்தைப் பற்றிக்கொண்டு உயிர் தரிக்கும் மனிதன் அவர்களுக்கு அந்நியனல்லன். பாரிஸ் நகரத்துக் கற்பனைதான். எனினும் அவன் படும் வேதனை எமக்குப் பழக்கமானது.

"அசையாப் படங்களை அடுக்கினால் அது சினிமாவா?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. மார்க்கரும் தம் படைப்பைப் "புகைப்படப் புதினம்" என்றே தலைப்பெழுத்துகளிற் குறித்தார். ஆயினும் பிரான்சிலே இளம் நெறியாளர்க்கு வழங்கப்படும் ழான் விகோ பரிசு 1963ஆம் ஆண்டிலே இப்படத்துக்குக் கிடைத்தது. 1995ஆம் ஆண்டிலே டெரி கில்லியம் என்னும் நெறியாளர், இதனை அடியொற்றிப் "பன்னிரு குரங்குகள்" என்ற பெரும் ஹாலிவூட் படத்தை எடுத்தார். புகழ்பெற்ற நட்சத்திரங்களும் பெருஞ் செலவும் கூடிய அப்படம் நல்ல படமே. ஆனால் அதன் வேரைத் தேடிச் செல்பவர்கள், ஓய்வு நாள்களிலே ஒரு புகைப்படக் கமராவோடு அலைந்த ஒரு மனிதனிடமே வந்து சேர வேண்டியிருக்கின்றது. மார்க்கர் 2012ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், தம் பிறந்த நாளன்றே, 91 வயது நிரம்பிய நிலையிற் காலமானார்.

வேறோர் உதாரணமும் உண்டு. 1967ஆம் ஆண்டிலே தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் லூக்கஸ் என்னும் மாணவர், மனிதரை எண்களால் அழைத்துக் கண்காணிக்கும் எதிர்கால உலகைப் பற்றி 15 நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். எதிர்கால நகரத்தைக் கட்டுவதற்கு அவரிடம் பணமில்லை. வாகனத் தரிப்பிடங்கள், நீண்ட நடைவழிகள், கணிப்பொறி அறைகள் என்று அக்காலத்திலே இருந்த இடங்களையே எதிர்காலமாகக் காட்டினார். நாம் ஏற்கெனவே அவ்வுலகத்தின் வாசலில் நிற்கின்றோம் என்பதே அவர் கதையின் கருத்து. ஆகவே, புதிதாகக் கட்டாமையே அவருக்கு வாய்ப்பாயிற்று. 1977ஆம் ஆண்டிலே "நட்சத்திரப் போர்கள்" என்ற படத்தால் உலகப் புகழ் பெற்றவர் அவரே.

இன்றைய இளைஞரின் சட்டைப்பையிலே கிடக்கும் கைத்தொலைபேசி அசையும் படமும் எடுக்கும். ஒலியையும் பதிவு செய்யும். அதனைக் கொண்டே படத்தைத் தொகுக்கவும் முடியும். மார்க்கர் சிறிது நேரத்துக்கு இரவல் வாங்கிய பேறு அவர்களிடம் இரவும் பகலும் இருக்கின்றது. ஆகவே கருவி இல்லை என்ற பேச்சு இனிச் செல்லாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகவே அது முடியும். அதே வேளையில், "ஏதாயினும் எடு, நன்றாக வரும்" என்று அவர்களை ஏவி விடுவதும் நேர்மையன்று. ஓய்வு நாளிற் பிறந்தது என்று நாம் வியக்கும் படத்தின் பின்னே, பத்தாண்டுகளுக்கு மேலாக எழுதியும் பயணஞ் செய்தும் படம்பிடித்தும் பழகிய ஒரு கண் இருந்தது.

விஞ்ஞானக் கதையொன்றைப் படமாக்க விரும்பும் தம்பி தங்கையருக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. வெளிநாட்டுப் படத்திலே கண்ட விண்கலத்தை அட்டையிலே செய்யத் தொடங்குமுன், "இப்படி நேர்ந்தால் மனிதன் என்னாவான்?" என்று உங்கள் கதை எழுப்பும் கேள்வியை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பின்பு உங்களிடம் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் இரு பக்கமாக எழுதுங்கள். இல்லாதவற்றின் பட்டியலிலே, உங்கள் கதைக்கு உண்மையில் வேண்டாதவை எவை என்று ஒவ்வொன்றாக வெட்டுங்கள். எஞ்சி நிற்கும் ஒன்று மிக இன்றியமையாததாயின், அதனை இரவல் கேட்கத் தயங்காதீர்கள். மார்க்கரும் இரவல் வாங்கினார். எந்தச் சில வினாடிகளுக்கு அது வேண்டும் என்பதை அறிந்த பின்பே வாங்கினார்.